முளைக்காத பல்லுக்கு வைத்தியம்

— செங்கப்பொடி வச்சா பல்லைத் தேச்ச?

— செங்கப்பொடி மட்டுமா டாக்டர்? உப்பு, அடுப்புக்கரி, எலுமிச்சந்தோலு, கடைசில ஆப்பசோடா. வீட்டுல தேய்க்காம விட்டது வெளக்குமாறு ஒண்ணுதான். காவி அப்படியே இருக்கு. பல்லுதான் கூசுது.

— கூசாம என்ன செய்யும்? இசக்கிச்செல்வி, நீ தேச்சது பல்லு, பித்தளை வெளக்கு இல்ல. கொம்பையா அண்ணாச்சி, நீங்க ஏன் கதவோரமாவே நிக்கீங்க? உள்ள வந்து இந்த ஸ்டூல்ல உக்காருங்க. உங்க மக வாயில என்ன இருக்குன்னு நீங்களும் பாக்கணும்.

— நான் எதுக்கு டாக்டரம்மா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னா, கூட்டிட்டு வந்துட்டேன். சுருக்கா முடிச்சு விட்டீங்கன்னா போதும். மத்தியானம் எங்க ஊருக்கு, தண்ணிக்கு போர் போடுத வண்டி வருது. நான் பக்கத்துல நிக்காம அங்கன ஒரு வேலையும் நடக்காது.

— எந்த ஊரு அண்ணாச்சி?

— வாகைப்பட்டி. எப்போதும்வென்றான்ல எறங்கி மேற்க போணும். சின்ன ஊரு. நீங்க எங்க அங்கன எல்லாம் வந்திருக்கப் போறீங்க.

— நானும் டவுன்காரி இல்ல அண்ணாச்சி. ஜீனான்னு போர்டுல பேர் பாத்துட்டு சென்னைன்னு நெனைச்சிராதீங்க. குளத்தூர்தான் எனக்கு.

— குளத்தூரா? என் வீட்டுக்காரி ராமலட்சுமியயும் குளத்தூர்லதான் எடுத்தேன். அப்பச் சரி, உக்காருதேன். மாமனார் ஊரா போச்சே.

— இசக்கி, நீ இப்ப எதுக்கு இவ்வளவு அவசரமா வெளுக்கணும்ங்கே?

— கேபிள் டிவில செய்தி வாசிக்க ஆள் எடுக்காவ டாக்டர். குரல் நல்லா இருக்குன்னுட்டாவ. பெறவு கேமராவுக்கு முன்னால உக்கார வச்சு, கொஞ்சம் சிரிச்ச மொகமா வாசிங்கன்னாவ. நான் ஒதட்ட இறுக்கிக்கிட்டே வாசிச்சேன். கடலைமிட்டாய்க் கண்காட்சியத் தொறந்து வச்ச செய்தி அது. எழவுச் செய்தி மாதிரி இருக்கு, இன்னொரு நாள் வாங்கன்னு அனுப்பிட்டாவ.

— அந்த இன்னொரு நாளைக்கு நாம தயாராவோம். வாயத் தொற. இன்னும் நல்லா. அண்ணாச்சி, லைட்ட இங்க திருப்புதேன், எட்டிப் பாருங்க. மேல் வரிசைல முன்னால நாலு பல்லு. குறுக்க குறுக்க வெள்ளைக் கோடு, அதுக்கு நடுவுல காப்பிக் கலர்ல பட்டை. தெரியுதா?

— தெரியாம என்ன? தெனமும் பாக்குத மூஞ்சிதான.

— இது மேல ஒட்டுன அழுக்கு இல்ல. வெத்தலைக்கறை, டீக்கறை, பீடிக்கறை எல்லாம் மேலாக ஒட்டும். நாங்க மிஷின் வச்சுத் தேச்சா போயிரும். இது ஈறுக்குள்ள பல்லு உருவாகும்போதே உள்ள ஏறுன நெறம். நெய்யுதப்பவே நூல்ல ஏறுன சாயம் மாதிரி. கல்லுல போட்டு அடிச்சா துணிதான் கிழியும்.

— இவ ஒருத்தி மட்டும் இல்லம்மா. எங்க ஊர்ல பிள்ளையளுக்கு எல்லாமே இப்படித்தான். மண்ணோட வாகுன்னு சொல்லுவாவ. கரிசல்ல வெளஞ்ச கம்பும் சோளமும் தின்னு வளந்த பல்லு, அதான் கருப்படிச்சுப் போச்சும்பாவ.

— உங்க பல்லைக் காட்டுங்க.

— என் பல்லயா? எனக்கு ஒண்ணும் இல்லையே.

— அதத்தான் பாக்கணும். காட்டுங்க அண்ணாச்சி, வெக்கப்படாதீங்க. ம். பச்சரிசி மாதிரி இருக்கு. நீங்களும் அந்தக் கம்பும் சோளமும் தின்னுதான வளந்தீங்க?

— நான் வேப்பங்குச்சி வச்சுத் தேச்சவன். இதுக பேஸ்ட் வச்சுத் தேய்க்குதுக, மிட்டாயாத் திங்குதுக.

— மிட்டாய் தின்னா சொத்தை விழும். இப்படிப் பட்டை விழாது. சரி, ராமலட்சுமி அக்கா பல்லு எப்படி?

— அவ பல்லுக்கு என்ன? இங்கன சிரிச்சா குளத்தூர்ல தெரியும்.

— மூத்தவரு மணிராஜுக்கு?

— மணிராஜ் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நான்தாம்ப்பா சொன்னேன். வெளிய டோக்கன் போடும்போது வீட்டுல யாரு யாருன்னு கேட்டாவ.

— நீ வாய மூடாத, தொறந்தே வை. சொல்லுங்க அண்ணாச்சி.

— மணிராஜுக்கும் காவிதான். அவன் பொண்டாட்டி பாண்டிச்செல்வி கயத்தாத்துக்காரி. அவளுக்கு வெள்ளை.

— இப்பப் பாருங்க. குளத்தூர்ல இருந்து வந்தவங்களுக்கு வெள்ளை. கயத்தாத்துல இருந்து வந்தவளுக்கு வெள்ளை. உங்க ஊர்ல பெறந்து வளந்த பிள்ளைய ரெண்டு பேருக்கும் காவி. எல்லாரும் ஒரே அடுப்புச் சோறுதான் சாப்பிடுதாங்க.

— ஒரு நிமிசம் கைய எடுங்க டாக்டர், இத நான் சொல்லியே ஆவணும். எப்பா, எந்தக் கல்யாண வீட்டு போட்டோவ எடுத்து வேணும்னாலும் பாருங்க. வாக்கப்பட்டு வந்தவளுவ எல்லாம் பளிச்சுன்னு சிரிச்சுக்கிட்டு நிப்பாளுவ. ஊர்ல பெறந்தவளுவ முந்தானைய வச்சு வாயப் பொத்திக்கிட்டு நிப்போம். யாரு மக, யாரு மருமகன்னு விசாரிக்கவே வேண்டாம்.

— ஊர்ல தண்ணி எங்க எடுக்கீங்க அண்ணாச்சி?

— தண்ணிக்கா எங்க ஊர்ல பஞ்சம்? நல்லாக் கேட்டீங்க. எங்க போர்த் தண்ணியக் குடிச்சவன் வேற தண்ணி குடிக்க மாட்டான். கண்ணாடி மாதிரி இருக்கும். விருந்தாளி வந்தா காப்பி கொடுக்க மாட்டோம், ஒரு செம்புத் தண்ணிதான் மொதல்ல கொடுப்போம்.

— அந்த போர் எப்பப் போட்டது?

— மணிராஜ் கைப்பிள்ளையா இருந்த வருசம். அதுக்கு முன்னால ஊருணிதான். தண்ணி கலங்கலா, கரிசக் கலர்ல கெடக்கும். தேத்தாங்கொட்டைய ஒரசித் தெளிய வச்சு, வேட்டித்துணில வடிகட்டிக் குடிச்சோம். அந்த வருசம் மழை ஏமாத்திருச்சு. ஊருணி வெடிச்சுக் கெடந்துச்சு. பொம்பளைய எல்லாம் கொடத்தத் தூக்கிக்கிட்டு அடுத்த ஊருக் கம்மாய்க்கு நடந்தாவ. என் வீட்டுக்காரி இடுப்புல பிள்ளை ஒரு பக்கம், கொடம் ஒரு பக்கம். ஒரு நாள் வெயில்ல விழுந்துட்டா. என்னால பொறுக்க முடியல டாக்டரம்மா. வீட்டுக்குப் பக்கத்துல எங்கய்யா விட்டுட்டுப் போன எடம் கெடந்துச்சு. எடுத்துக்கிடுங்கன்னு ஊருக்கு எழுதிக் கொடுத்துட்டேன். அங்கன போட்டதுதான். பாறைய ஒடைச்சுக்கிட்டு தண்ணி மேல வந்தப்ப, கெழவன் கெழவி எல்லாம் அதுல நனைஞ்சுக்கிட்டு அழுதாவ. எங்க ஊர்ல அதுக்குப் பேரே கொம்பையா போருதான். கோயில் கொடைல இன்னைக்கும் மொத மரியாதை எனக்கு.

— அண்ணாச்சி.

— சொல்லுங்கம்மா.

— அந்தத் தண்ணிதான்.

— எது அந்தத் தண்ணி?

— உங்க மக பல்லுல இருக்குத காவி.

— டாக்டரம்மா, பாத்துப் பேசுங்க.

— பாத்துட்டுத்தான் பேசுதேன். பாறைக்குள்ள ஃபுளோரைடுன்னு ஒரு உப்பு இருக்கு. ஆழத்துல கெடக்குத தண்ணி வருசக்கணக்கா பாறையிலயே ஊறுது. அந்த உப்பு கரைஞ்சு தண்ணியோட வருது. கொஞ்சமா இருந்தா பல்லுக்கு நல்லது. உங்க ஊர்த் தண்ணில இருக்க வேண்டியதப் போல ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு. அளந்து பாத்தாச்சு.

— யாரு அளந்தா?

— அளந்தவங்க சொன்னாங்க.

— ம். சரி, நான் ஒண்ணு கேக்கேன். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு தூசி தும்பு கெடையாது, குடிச்சா இனிக்கு. அதுல எப்படிம்மா கெடுதல் இருக்கும்? நாங்க குடிச்ச ஊருணில மாடு எறங்கும், எருமை எறங்கும். அது நல்ல தண்ணி, இது கெட்ட தண்ணியா?

— சீனிய தண்ணில கரைச்சா கண்ணுக்குத் தெரியுதா? அது மாதிரிதான் இதுவும். கலரும் கெடையாது, வாசமும் கெடையாது. ஊருணித் தண்ணி மழைத்தண்ணி. அதுல மண்ணு இருந்துச்சு, கிருமி இருந்துச்சு, வயித்தால போச்சு. ஆனா இந்த உப்பு இல்ல. உங்க பல்லு அதனாலதான் தப்பிச்சது.

— நானும் இத்தன வருசமா போர்த் தண்ணிதான குடிக்கேன். எனக்கு ஏன் வரல? அதச் சொல்லுங்க.

— போர் வந்தப்ப உங்களுக்குப் பல்லு எல்லாம் முளைச்சு முடிஞ்சாச்சு. வெந்த செங்கல்ல கைரேகை விழாது, பச்சைக் களிமண்ணுலதான் விழும். பெறந்ததுல இருந்து எட்டு வயசு வரைக்கும் பல்லு உள்ள பச்சையா கெடக்குத காலம். அப்பக் குடிக்குத தண்ணிதான் கணக்கு.

— எட்டு வயசு வரைக்கும்ங்கீங்க. இவளுக்கு பால்பல்லு மல்லிகைப்பூ மாதிரில்லா இருந்துச்சு. அது விழுந்து முளைச்சதுதான் காவி. தண்ணின்னா மொதப் பல்லுலயே காட்டணுமே.

— நல்ல கேள்வி. பால்பல்லுல பாதி வேலை அம்மா வயித்துக்குள்ளயே முடிஞ்சுரும். அங்க அம்மா உடம்பு பிள்ளையக் கொஞ்சம் காப்பாத்திரும். விழுந்து முளைக்குத பல்லு வெளிய வந்த பெறவு, அது குடிக்குத தண்ணிலதான் உருவாகுது.

— எப்பா, உங்க போன் அடிக்கு.

— எடுக்கேன். ஏலே சோலைமுத்து, சொல்லு. வந்துட்டா? விலக்கு ரோட்டுலயே நிக்கட்டும்ல. தேங்காய் வச்சு நீரோட்டம் பாத்துப் புள்ளி போட்டிருக்குல்லா, அது மேல ஒரு பய கால வைக்காமப் பாத்துக்க. சாமி கும்பிடுதது எல்லாம் நான் வந்த பெறவுதான். ஆங், மக பல்லு காட்டுதா. வாரேன், வை.

— என்ன வண்டி அண்ணாச்சி?

— அதான் சொன்னேம்லா, போர் வண்டி. பழைய போர்ல தண்ணி கீழ போயிருச்சு. இன்னும் ஆழமா ஒண்ணு போடணும். இதுக்கும் எடம் நான்தான் கொடுக்கேன். ஊரே இன்னைக்கு வேலைக்குப் போகாம உக்காந்திருக்கு.

— இன்னும் ஆழத்துல போனா இன்னும் பாறை, இன்னும் உப்பு. இதத்தான் நான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

— அப்பக் காய்ச்சிக் குடிச்சிட்டுப் போறோம். பச்சைப்பிள்ளையளுக்குக் காய்ச்சி ஆத்தித்தான் கொடுக்கோம்.

— காய்ச்சினா கிருமி சாகும், உப்பு சாகாது. தண்ணி ஆவியாப் போகப்போக உப்பு கெட்டிப்படும். ரசம் சுண்டினா கரிக்கும்லா, அது மாதிரி. காய்ச்சாத தண்ணியவிட அது மோசம்.

— துணில வடிகட்டினா? இந்த கேண்டில் பில்டர்ங்காவளே, அதுல?

— அதுலயும் போகாது. வேற மாதிரி மிஷின் இருக்கு. ஆனா உங்களுக்கு அது எதுக்கு? ஆத்துத்தண்ணிக் குழாய் வரலியா உங்க ஊருக்கு?

— வருது. தாமிரவருணித் தண்ணி குழாய்ல வருது. வந்து என்னத்துக்கு? மூக்குல வச்சா பிளீச்சிங் பவுடர். சில நாளு மண்டியா செகப்பா வரும். அத மனுசன் குடிப்பானா?

— பெறவு அத என்ன செய்யுதீங்க?

— தொட்டில விட்டு மாட்டுக்குக் காட்டுவோம். பாத்திரம் தேய்ப்போம்.

— டாக்டர், இப்பவும் ஒரு நிமிசம் கைய எடுங்க. எப்பா, நம்ம எருமைக்கன்னு பல்லப் பாத்திருக்கீங்களா? போன மாசம் அதுக்கு மருந்து கொடுக்கணும்னு நாந்தான் வாயப் பொளந்து பிடிச்சேன். ஆத்துத்தண்ணி குடிச்சுக்கிட்டு அது பளீர்னு இளிக்கு. அதப் பிடிச்சுக்கிட்டு நிக்குத நான் வாயப் பொத்திக்கிடுதேன். இது வேறயா எனக்குன்னு அழுகையா வந்துச்சு.

— ஏட்டி, எருமையயும் ஒன்னயும் ஒண்ணாக்காத.

— நான் ஆக்கலப்பா. நம்ம ஊரு ஆக்கிருக்கு. நல்ல தண்ணி அதுக்கு, கெட்ட தண்ணி நமக்கு.

— அண்ணாச்சி, ஆத்துத்தண்ணிய ஒரு பானைல பிடிச்சு தொறந்து வச்சு ஒரு ராத்திரி விடுங்க. வாசம் போயிரும், மண்டியும் அடில தங்கிரும். மேலாக மொண்டு குடிச்சா பதனி மாதிரி இருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா பிள்ளைய பல்லு நல்லா இருக்கும். பெரியவங்களுக்கும் நல்லதுதான். ரொம்ப வருசம் அந்த உப்பு உடம்புல சேந்தா எலும்புல போயி உக்காந்துக்கிடும். முட்டி மடங்காது, இடுப்பு குனியாது.

— முட்டிவலி இல்லாத வீடு எங்க ஊர்ல இல்ல. வயசுன்னு நெனைச்சோம்.

— எல்லாமே தண்ணின்னு நான் சொல்லல. ஆனா யோசிங்க.

— யோசிக்கேன். இன்னொண்ணும் கேக்கேன். கருத்தையான்னு ஒருத்தன் இருக்கான் எங்க ஊர்ல. எதுக்கெடுத்தாலும் மல்லுக்கு நிப்பான். இத்தன வருசம் யாருக்கும் தெரியாதது ஒரு பல் டாக்டருக்கு மட்டும் தெரிஞ்சிருச்சாக்கும்பான். அவனுக்கு என்ன சொல்ல?

— அவருக்குப் பிள்ளைய உண்டா? உங்க ஊர்லயே பெறந்து வளந்ததுகளா?

— ரெண்டு பொட்டப்பிள்ளைய. ரெண்டும் காவி. பெரியவளுக்கு மூணு எடம் வந்து பாத்துட்டு சும்மா போயிட்டாவ.

— அப்ப அவரு என்கூட மல்லுக்கு நிக்க மாட்டாரு. அவரு பிள்ளையளயும் இங்க கூட்டிட்டு வரச் சொல்லுங்க. வந்தா என்ன செய்வேன்னு இவ பல்லுலயே காட்டுதேன். இசக்கி, இனி பேச முடியாது, பேசணும்னா இப்பயே பேசிக்கோ.

— வலிக்குமா?

— வலிக்காது. ஈறு மேல ரப்பர் ஷீட் போட்டு மறைச்சுக்கிடுதேன். அண்ணாச்சி, இது ஒரு பசை. இதுல ரொம்ப லேசான அமிலமும் நைசான பொடியும் இருக்கு. மேல்பூச்சுல மயிரிழை அளவுதான் எடுக்கும். வீட்டுல செங்கப்பொடி செய்யுத வேலைதான்னு நெனைச்சிராதீங்க. அது எவ்வளவு எடுக்குதுன்னு அதுக்கே தெரியாது. இந்தா, மெதுவா. வெள்ளைக் கோடும் லேசான காவியும் இதுலயே மங்கிரும். பெறவு வெளுக்குத ஜெல் இருக்கு, கொஞ்ச நாள் விட்டு விட்டுப் போடணும். அப்பவும் விடாத பட்டைக்கு மேல பல்லு நெறத்துலயே ஒரு பூச்சு பூசி நீல லைட் வச்சு இறுக வைப்போம். கூசாம இருக்க கடைசில ஒரு மருந்தும் வைப்பேன்.

— எல்லாப் பல்லும் போயிருமா டாக்டரம்மா? காவியச் சொல்லுதேன், காவி.

— சிலது முழுசாப் போகும். சிலது முக்கால்வாசி. பொய் சொல்ல மாட்டேன். இன்னைக்கு ஒரு பல்லு மட்டும் செஞ்சு காட்டுதேன். அண்ணாச்சி, அந்தக் கண்ணாடிய எடுங்க. ம், இப்ப வாயக் கழுவிட்டுப் பாரு இசக்கி.

— இது என் பல்லா?

— வேற யாரு பல்லு?

— எப்பா, இங்க பாருங்க. இந்தா, இது. பக்கத்துப் பல்லையும் சேத்துப் பாருங்க.

— பாத்தேன். நல்லாச் சிரிட்டி. கைய எடு. கைய எடுத்துட்டுச் சிரி.

— கை தானா வருதுப்பா.

— டாக்டரம்மா, இவளுக்கு அவ அம்மா சிரிப்பு. இத்தன வருசம் எனக்கு இது தெரியாது. வீட்டுலயே வச்சிருந்திருக்கேன், பாக்கலியே.

— எப்பா, எதுக்குக் கண்ணத் தொடைக்கீங்க?

— லைட்டு கண்ணுல அடிக்கு.

— அண்ணாச்சி, வீட்டுல சின்னப்பிள்ளை உண்டா?

— பேரன் இருக்கான். மணிராஜ் மகன். ஹரிஹரசுதன்னு பேரு. பேருதான் நீளம், ஆளு இத்தினிக்காணு இருப்பான். இப்பத்தான் கஞ்சி கொடுக்க ஆரம்பிச்சிருக்கோம்.

— பல்லு முளைச்சாச்சா?

— இன்னும் இல்ல. ஈறு தடிச்சுக் கெடக்கு. கைல எது கெடைச்சாலும் வாயில போட்டு நமநமன்னு கடிக்கான்.

— முளைக்கப்போற பால்பல்லு மட்டும் இல்ல, அது விழுந்து முளைக்கப்போற பெரிய பல்லும் உள்ள இப்பவே உருவாக ஆரம்பிச்சாச்சு. கண்ணுக்குத் தெரியாது. கஞ்சி எந்தத் தண்ணில காய்ச்சுதாங்க?

— எந்தத் தண்ணிலயா? கொம்பையா போர்த் தண்ணிலதான். விடியுத முன்ன நானே போயி மொதத் தண்ணி பிடிச்சுட்டு வந்து மருமககிட்ட கொடுப்பேன். பிள்ளைக்குன்னு தனியா ஒரு தவலை. நானே என் கையால.

— இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் கெட்டுப்போகல. இனிமே கொடுக்காம இருந்தாப் போதும். அவனுக்கு என்கிட்ட வர வேண்டிய வேலையே இருக்காது.

— டாக்டரம்மா, நான் படிக்காதவன். எனக்கு ஊர்ல ரெண்டு பேரு கெடையாது, ஒரே பேருதான். அந்தப் போர். இப்ப நான் போயி, குடிக்காதீங்க, அது பிள்ளையளக் கெடுக்குன்னு சொன்னா, அத்தன பேரு பல்லுலயும் எழுதியிருக்குதது என் பேருன்னு ஆயிரும்லா.

— அப்படி இல்ல அண்ணாச்சி. அன்னைக்கு ஊர்ல வேற தண்ணி இல்ல. பொம்பளைய வெயில்ல விழுந்தாங்க. நீங்க எடம் கொடுத்தீங்க, உசுரு பொழைச்சுது. அதுல ஒரு தப்பும் இல்ல. இப்ப ஆத்துத்தண்ணி வாசலுக்கு வந்திருச்சு. குளிக்க, துவைக்க, வயலுக்கு உங்க போர் இருக்கட்டும். அன்னைக்கு எடம் கொடுத்தவரு சொன்னாத்தான் இன்னைக்கு ஊரு கேக்கும். நான் மைக் வச்சுச் சொன்னாலும் கேக்காது.

— ஞாயித்துக்கிழமை எங்க ஊருக்கு வருவீங்களா? மைக் எல்லாம் வேண்டாம். வேப்பமரத்தடில நின்னு நாலு பிள்ளைய பல்லப் பாத்துட்டு, என்கிட்ட சொன்னத அப்படியே சொல்லணும்.

— சர்ச்ல பூசை முடிஞ்சதும் வாரேன்.

— எப்பா, மறுபடியும் போன்.

— கொடு. சோலைமுத்து, கேளு. புள்ளி போட்ட எடத்துல இருக்குத தேங்காய எடுத்து கோயில்ல ஒடைச்சிரு. வண்டியத் திருப்பி விடு. ஆமால, திருப்பி விடு. காது நல்லாத்தான் கேக்குது ஒனக்கு. கோவப்பட்டா படட்டும், டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பு. பெறவு, எங்க வீட்டுக்குப் போயி பாண்டிச்செல்விகிட்ட, பிள்ளைக்கு வச்சிருக்க தவலைத் தண்ணியக் கவுத்திரச் சொல்லு. குழாய்த் தண்ணியத் தெளிய வச்சு அதுல கஞ்சி காய்ச்சச் சொல்லு. ஏன் எதுக்குன்னு நான் வந்து சொல்லுதேன். சாயங்காலம் ஊரக் கூட்டணும். கருத்தையாவக் கண்டிப்பா வரச் சொல்லு. வை.

— அண்ணாச்சி.

— ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. இசக்கி, நீ அந்த மருந்த வச்சு முடிச்சுட்டு வா. நான் கீழ போயி பைக்க எடுத்து நெழல்ல நிப்பாட்டுதேன். சீட்டு வெயில்ல கொதிக்கும்.

— போயிட்டாவளா டாக்டர்?

— படி எறங்கியாச்சு.

— அப்பாடா. போன வாரம் நான் பாட்டில்ல தண்ணியோட வந்து நின்னப்ப, இவளுக்கு என்ன கிறுக்கான்னு வெரட்டிருவீங்கன்னு நெனைச்சேன். நீங்க ஒத்துக்கிட்டீங்களே. ஒங்களுக்கு எப்படி நன்றி சொல்லன்னு தெரியல.

— நன்றி எல்லாம் இருக்கட்டும். நான் மணிராஜ் பேர ஒளறிட்டேன், நீ சமாளிச்ச. கெமிஸ்ட்ரி படிச்ச பிள்ளை, காலேஜ் லேப்ல நீயே அளந்து பாத்திருக்க. நேரா அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்லா? பல்லுக்குன்னு கூட்டிட்டு வந்து, நான் தற்செயலாக் கண்டுபிடிக்குத மாதிரி, என்ன நாடகம் இது?

— எப்படிச் சொல்லுவேன் டாக்டர்? ராத்திரி சாப்பிட உக்காந்தா அந்த போர் வந்த கதையச் சொல்லாம அவிய கை நனைக்க மாட்டாவ. அது நஞ்சுன்னு நான் என் வாயால சொல்லி, அவிய மொகம் சுருங்குதத நான் பாக்கணுமா? வண்டி வருதுன்னு தெரிஞ்சதுல இருந்து நான் தூங்கல. உள்ளதச் சொன்னா என் பல்லு எப்படியும் போகட்டும்னுதான் இருந்தேன். ஹரிஹரசுதன் பயலுக்குப் பல்லு முளைக்குத முன்ன அந்தத் தண்ணி நின்னுரணும்னுதான்.

— அப்ப பல்லு கூசுதுன்னது?

— அது நெசம் டாக்டர். செங்கப்பொடியும் நெசம். கேபிள் டிவியும் நெசம். மிச்சம்தான்.

— மிச்சம்தான் என்னட்டி?

— எப்பா. நீங்க கீழ போகலியா?

— துண்ட மறந்துட்டேன்.

— எவ்வளவு நேரமா நிக்கீங்க?

— நின்னு கேக்கணும்னு எனக்கு என்னட்டி தலையெழுத்து? காலைல வெளிய உக்காந்திருக்கையிலயே, டோக்கன் போடுத வினோலியாங்குத பிள்ளை, போன வாரம் தண்ணி பாட்டில் கொண்டாந்த அக்காவுக்கு அப்பாவா நீங்கன்னு கேட்டுருச்சு. அங்கனயே எனக்குப் பாதி வெளங்கிருச்சு. எந்திச்சுப் போயிரலாமான்னு வந்துச்சு. பெறவு, சரி, எம்மக எனக்குப் பயந்து இவ்வளவு பாடு பட்டிருக்கான்னா உள்ள என்னதான் இருக்குன்னு கேட்டுட்டுப் போவோம்னு உக்காந்தேன்.

— அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா அண்ணாச்சி, என்கிட்ட அவ்வளவு நேரம் சண்டை போட்டீங்க?

— சண்டை எங்கம்மா போட்டேன்? கோவம் பாதி நெசம், அத இல்லைங்கல. ஆனா, கண்ணாடி மாதிரி இருக்கேன்னு ஊர்ப் பெருசுக கேக்கும், காய்ச்சினா போகாதான்னு என் வீட்டுக்காரி கேப்பா, பால்பல்லு வெள்ளையா இருந்துச்சேன்னு பெத்தவளுவ கேப்பாளுவ, கருத்தையா எல்லாத்தையும் கேப்பான். சாயங்காலம் வேப்பமரத்தடில நான் ஒத்த ஆளா நின்னு பதில் சொல்லணும்லா, அதான் அத்தனையும் ஒங்ககிட்ட மொதல்லயே கேட்டு வச்சுக்கிட்டேன்.